தினமும் தண்ணீர் விட்டும் டிரைவ்வே ஓரம் புல் காய்கிறது (ஹூஸ்டன், செயின்ட் அகஸ்டின் புல்)

வைகைக்கரை | கேட்டி, டெக்சாஸ்

அனைவருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் புது வீடு. கட்டித் தந்தவர்களே முன்புறமும் பின்புறமும் செயின்ட் அகஸ்டின் புல்லைப் பாய் பாயாக விரித்துக் கொடுத்திருந்தார்கள். போன கோடை வரை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. இந்த ஜூலை மத்தியில் டிரைவ்வே ஓரமாக ஒரு பட்டை மஞ்சளாகத் தொடங்கியது. இப்போது ஆகஸ்ட், வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடக்கிறது. வாரத்துக்கு வாரம் பட்டை அகலமாகிக்கொண்டே போகிறது. வீட்டுச் சுவரை ஒட்டிய பகுதியும் ஓக் மரத்தடியும் நன்றாகவே இருக்கின்றன.

ஸ்ப்ரிங்க்ளர் தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஓடும். ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடம். காயத் தொடங்கியதும் பதினைந்து நிமிடமாகக் கூட்டினேன். தண்ணீர்க் கட்டணம் ஏறியதே தவிர புல்லில் மாற்றம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பூஞ்சை என்கிறார். புல் வெட்ட வருபவர் உரம் போதவில்லை என்கிறார். கடையில் களைக்கொல்லியும் உரமும் கலந்த மூட்டையைக் காட்டுகிறார்கள். இதற்கிடையில் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது: முன்புறப் புல்லைச் சரிசெய்யாவிட்டால் அபராதமாம்.

எதை முதலில் செய்வது? காய்ந்த இடத்தில் விதை தூவினால் முளைக்குமா?

கரிசல்காட்டான் | பிளேனோ, டல்லாஸ் அருகே

முதலில் அந்த மூட்டையை வாங்காதீர்கள். இந்த வெயிலில் களைக்கொல்லி விழுந்தால் மிச்சம் இருக்கிற புல்லும் போய்விடும். 2,4-டி என்ற களைக்கொல்லி கலந்த மருந்துகள் செயின்ட் அகஸ்டினுக்கு மிதமான வெயிலிலேயே சரிவராது. அட்ரசின் என்ற களைக்கொல்லியைப் புல் தாங்கும், ஆனால் வெப்பம் 90 டிகிரி பாரன்ஹீட்டை நெருங்கினால் அதுவும் புல்லைச் சுட்டுவிடும். ஓக் மரம் இருக்கிறது என்கிறீர்கள். அதன் வேர் கிளைநுனியையும் தாண்டி உங்கள் புல்லுக்கு அடியில் ஓடியிருக்கும். புல்லுக்குத் தூவும் களைக்கொல்லியில் மரத்துக்கும் ஒரு பங்கு போய்ச் சேரும்.

விதை பற்றி: செயின்ட் அகஸ்டினுக்குக் கடையில் விதை கிடைக்காது. அது கொடியாக ஓடிப் பரவும் புல். விதை என்று விற்கும் பைகளில் பெரும்பாலும் பெர்முடா அல்லது ஃபெஸ்க்யூ இருக்கும். அதைத் தூவினால் ஒரே தரையில் இரண்டு வகைப் புல் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும்.

சில விவரங்கள் வேண்டும். காய்ந்த பட்டைக்கும் பச்சைக்கும் நடுவில், பாதி மஞ்சளாக இருக்கும் இடத்தில் புல்லைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகிறது? கையோடு வருகிறதா, வேர் பிடித்துக்கொண்டு நிற்கிறதா? அந்த ஓரத்துக்கு ஸ்ப்ரிங்க்ளர் தண்ணீர் எட்டுகிறதா?

வைகைக்கரை

இப்போதுதான் போய்ப் பார்த்தேன் அண்ணாச்சி. வேர் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, இழுத்தால் வரவில்லை. தண்ணீர் எட்டுகிறது, டிரைவ்வே நனைந்து தெருவில் ஓடும் அளவுக்கு எட்டுகிறது.

தோட்டக்காரி | சுகர் லேண்ட், டெக்சாஸ்

தம்பி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது புல்லின் சாற்றை உறிஞ்சும் சிஞ்ச் பூச்சியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் கண்ணால் பார்க்காமல் மருந்து வாங்கக் கூடாது. இந்த ஊரில் மாஸ்டர் கார்டனராக, அதாவது பயிற்சி பெற்றுத் தோட்ட ஆலோசனை சொல்லும் தன்னார்வலராக இருக்கிறேன். ஆகஸ்ட் மாதத்தில் எங்களுக்கு வரும் கேள்விகளில் பாதி உங்கள் கேள்விதான். வருகிறவர்களில் பெரும்பாலோர் அதற்குள் உரம், பூஞ்சைமருந்து, பூச்சிமருந்து மூன்றையும் போட்டுவிட்டு வருகிறார்கள். நீங்கள் எதையும் போடாமல் கேட்டிருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

காய்ந்த புல் எல்லாம் தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். மண்டி போட்டு உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு.

தண்ணீர் போதாத புல் முதலில் நீலம் கலந்த சாம்பல் நிறமாகும். இலை நடுநரம்போடு மடியும். நடந்தால் காலடித்தடம் அப்படியே பதிந்து நிற்கும். நன்றாகத் தண்ணீர் காட்டினால் ஓரிரு நாளில் நிமிர்ந்துவிடும். உங்களுடையது நிமிரவில்லை.

வேர்ப்புழு என்றால் வேரையே தின்றிருக்கும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் கம்பளம் போலச் சுருண்டு வரும். அடியில் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். உங்கள் புல்லில் வேர் பிடிப்பு இருக்கிறது.

வேரழுகல் ஒன்று உண்டு. டேக்-ஆல் என்பார்கள். அதிலும் கொடி எளிதாகக் கையோடு வரும். வேர்கள் குட்டையாக, கறுத்து, அழுகி இருக்கும். வசந்தத்தில் பச்சை திரும்ப வேண்டிய நேரத்தில் அது தெரியத் தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் பழுப்புத் திட்டுப் பூஞ்சை இரவு குளிர்ந்த பிறகு, அக்டோபர் நவம்பரில், வட்ட வட்டமாக வரும். ஆகஸ்ட் வெயிலில் டிரைவ்வே ஓரம் பட்டையாக வராது.

சிஞ்ச் பூச்சிக்குச் சூடும் வறட்சியும் வேண்டும். அதனால்தான் கான்கிரீட் காய்ந்து அனலடிக்கும் ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே வருகிறது. மரநிழல் பக்கம் போவதில்லை. கொடியின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். உறிஞ்சும்போது அதன் எச்சிலும் உள்ளே போகிறது. அது புல்லுக்கு நஞ்சு. அதனால் பூச்சியை ஒழித்த பிறகும் கடிபட்ட கொடி சில நாள் மஞ்சளாகிக்கொண்டே இருக்கும்.

சோதனை இதுதான். காபித் தூள் வரும் பெரிய டப்பாவின் இரண்டு பக்கமும் வெட்டி எடுங்கள். மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்தில் ஓரிரு அங்குலம் மண்ணில் இறங்கும்படி அழுத்துங்கள். முழுக்கக் காய்ந்த இடத்தில் வைக்காதீர்கள். பூச்சி அங்கே தின்று முடித்துவிட்டு நகர்ந்திருக்கும். டப்பாவில் தண்ணீர் ஊற்றி, மண் குடிக்கக் குடிக்க மேலே ஊற்றிக்கொண்டே இருங்கள். பத்து நிமிடத்துக்குள் மிதந்து வரும். வளர்ந்த பூச்சி கறுப்பு. முதுகில் வெள்ளை இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து பெருக்கல் குறி போலத் தெரியும். மொத்த நீளம் ஓர் அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். குஞ்சு சிவப்பு, நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை.

ஓர் எச்சரிக்கை: பெருங்கண் பூச்சி என்று ஒன்றும் மிதந்து வரலாம். பார்க்க ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும், ஆனால் கண்கள் தலையை விட்டுப் பிதுங்கி நிற்கும். அது சிஞ்ச் பூச்சியைத் தின்னும் நண்பன்.

பொடுதலை | ஆஸ்டின், டெக்சாஸ்

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன், மன்னிக்கவும். ஆயிரம் சதுர அடிக்கு ஓர் அங்குலம் தண்ணீர் என்றால் 623 கேலன். நாலாயிரம் சதுர அடிப் புல்லுக்கு வாரத்துக்கு ஓர் அங்குலம் கொடுத்தால் ஏறத்தாழ 2500 கேலன். சமைக்கவும் குளிக்கவும் சுத்திகரித்த குடிநீர் அது. 2011 கோடையில் ஆஸ்டினில் 90 நாட்கள் நூறு டிகிரியைத் தாண்டின. அந்த வருடம் ஏரிகள் இறங்கியதைப் பார்த்தவர்கள் யாரும் முன்புறப் புல்லுக்காகக் கவலைப்பட மாட்டார்கள். வெயில் அறையும் அந்த டிரைவ்வே ஓரத்தில் எதற்குப் புல்? எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் செடி வையுங்கள்.

கரிசல்காட்டான்

பொடுதலை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்பிக்குச் சங்கத்தின் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. எடுப்பதா வைப்பதா என்பதைக் குளிர்காலத்தில் உட்கார்ந்து யோசிக்கலாம். இப்போது இருக்கிற தண்ணீரை ஒழுங்காக விடுவதைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் வீணாவது அங்கேதான்.

நான் கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவன். டல்லாஸில் வீடு வாங்கி முதல் கோடையில் தரை வெடித்ததைப் பார்த்தபோது ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அதே கரிசல். நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஹூஸ்டனின் களிமண்ணும் இதற்குச் சொந்தக்கார மண்தான். இந்த மண்ணுக்குத் தாகம் அதிகம், ஆனால் மெதுவாகத்தான் குடிக்கும். பத்து நிமிடத்தில் மேற்பரப்பு அடைத்துக்கொள்ளும். அதற்குமேல் விடுவதெல்லாம் தெருவுக்குத்தான். நீங்கள் பதினைந்து நிமிடமாகக் கூட்டியதில் கடைசி ஐந்து நிமிடம் சாக்கடைக்குப் போயிருக்கிறது.

ஆகவே விட்டு விட்டுப் பாய்ச்ச வேண்டும். ஏழெட்டு நிமிடம் ஓடட்டும். ஒரு மணி நேரம் இடைவெளி. திரும்ப ஏழெட்டு நிமிடம். தேவைப்பட்டால் மூன்றாவது முறை. இப்போது வரும் கண்ட்ரோலர்கள் பெரும்பாலானவற்றில் ஒரே நாளில் மூன்று தொடக்க நேரம் வைக்கலாம். இப்படி வாரத்துக்கு இரண்டு நாள் போதும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினால் வேர் மேலேயே நிற்கும். ஒரு நாள் மின்சாரம் போய் ஸ்ப்ரிங்க்ளர் ஓடாவிட்டால் புல் துவண்டுவிடும். ஆழமாக நனைத்துவிட்டு நாலு நாள் விட்டால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும்.

இரவு ஒன்பது மணியை மாற்றுங்கள். இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் பூஞ்சைக்கு நாமே பாய் விரித்த மாதிரி. விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடியட்டும். எங்கள் டல்லாஸில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 10 முதல் மாலை 6 மணி வரை ஸ்ப்ரிங்க்ளர் ஓட்டவே கூடாது. வாரத்துக்கு இரண்டு நாள்தான் அனுமதி. அந்த இரண்டு நாளில் என் புல் நன்றாகவே இருக்கிறது.

நிமிடக் கணக்கை மறந்துவிட்டு அங்குலக் கணக்குக்கு வாருங்கள். நின்ற இடத்தில் பீய்ச்சும் ஸ்ப்ரிங்க்ளர் தலை மணிக்குச் சுமார் ஒன்றரை அங்குலம் கொட்டும். சுழலும் தலை அரை அங்குலம்தான் கொடுக்கும். இரண்டுக்கும் ஒரே பத்து நிமிடம் வைத்தால் ஓரிடம் சேறாகும், ஓரிடம் காயும். சூரை மீன் வரும் தட்டையான டப்பாக்கள் ஆறேழு எடுத்து அந்தப் பகுதியில் பரவலாக வையுங்கள், காய்ந்த ஓரத்திலும் ஒன்று. பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு அளவுகோலை விட்டு அளந்து பாருங்கள்.

வைகைக்கரை

இரண்டு சோதனையும் செய்துவிட்டேன்.

தட்டை டப்பாக்களில் நடுவில் வைத்ததில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும், டிரைவ்வே ஓரம் வைத்ததில் அதில் பாதியும் இருந்தது. ஓரத்தில் இருக்கும் தலை சாய்ந்து நின்று, பாதித் தண்ணீரைக் கான்கிரீட் மேல் அடிக்கிறது. எட்டுகிறது என்று நான் நினைத்தது புல்லுக்கு எட்டவே இல்லை.

காபி டப்பா: ஊற்றிய முதல் இரண்டு நிமிடம் காய்ந்த இலைத் துணுக்குகள்தான் மேலே வந்தன. பிறகு ஒரு துணுக்கு நகர்ந்தது. அருகே குனிந்து பார்த்தால் சிவப்பாகக் கடுகை விடச் சிறியதாக ஒன்று, அதன் இடுப்பில் வெள்ளைக்கோடு. அடுத்து கறுப்பு. ஐந்து நிமிடத்தில் டப்பாவின் உள்விளிம்பில் வரிசையாக ஏறத் தொடங்கிவிட்டன. அதன்பிறகு வெறும் கண்ணோடு புல்லை விலக்கிப் பார்த்தாலும் தெரிகிறது: மதிய வெயிலில் கான்கிரீட் விளிம்பின் மேலேயே ஓடுகின்றன. இத்தனை நாள் பக்கத்திலேயே நடந்திருக்கிறேன், கண்ணில் பட்டதில்லை. படம் இணைத்திருக்கிறேன் அக்கா, பார்த்துச் சொல்லுங்கள்.

தோட்டக்காரி

சந்தேகமே இல்லை, சிஞ்ச் பூச்சிதான். பெருங்கண் பூச்சி உங்கள் படத்தில் ஒன்றுகூட இல்லை.

மருந்து: பைஃபெந்திரின் குருணை அல்லது திரவம். கடைகளில் பல பெயர்களில் கிடைக்கும். உறையில் செயல்படும் பொருள் என்ற இடத்தில் இந்தப் பெயரைத் தேடுங்கள். முழுத் தோட்டத்துக்கும் போடாதீர்கள். காய்ந்த பட்டையின் ஓரமும் அதைச் சுற்றி ஐந்தாறு அடி பச்சைப் பகுதியும் போதும். இன்னும் பிடிக்காத இடத்தில் பெருங்கண் பூச்சியும் சிலந்தியும் எறும்பும் உங்களுக்காக வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவற்றையும் சேர்த்துக் கொன்றால் அடுத்த அலை வரும்போது தடுக்க ஆள் இருக்காது.

போடுவதற்கு முந்தைய நாள் புல்லை வெட்டி, மிதமாகத் தண்ணீர் விடுங்கள். குருணை என்றால் தூவிய பிறகும் உறையில் சொன்ன அளவு தண்ணீர் காட்ட வேண்டும், அப்போதுதான் கொடிக்கு அடியில் இறங்கும். உறையில் உள்ள அளவே அளவு. இரட்டிப்பாகப் போட்டால் பூச்சி இரண்டு மடங்கு சாகாது. காற்றடிக்கும் போதும் மழை வரும் முன்பும் வேண்டாம். இந்த மருந்து மீனுக்கும் தேனீக்கும் கொடிய நஞ்சு. நம் தெருச் சாக்கடையில் விழுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஓடையில் கலந்து கால்வெஸ்டன் விரிகுடாவுக்குப் போகிறது. டிரைவ்வேயில் சிந்திய குருணையைத் துடைப்பத்தால் புல்லுக்குள் தள்ளுங்கள். குழாய்த் தண்ணீரால் கழுவித் தெருவில் விடாதீர்கள். குழந்தைகளும் நாயும் தரை உலரும் வரை அந்தப் பக்கம் வரக் கூடாது.

இரண்டு வாரம் கழித்துத் திரும்ப டப்பாச் சோதனை செய்யுங்கள். முட்டையிலிருந்து புதிதாகப் பொரித்தவை இருந்தால் இன்னொரு முறை போட வேண்டிவரும்.

உரம் இப்போது வேண்டவே வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் இளந்தளிர் கொழுத்து வளரும். சாறுண்ணிக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. கோடையில் இலைப்புள்ளி நோயும் அதையே பிடித்துக்கொண்டு வரும். புல் வெட்ட வருபவரிடம் உரம் போட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் எந்த உயரத்தில் வெட்டுகிறார் என்றும் பாருங்கள். செயின்ட் அகஸ்டினை மூன்று, மூன்றரை அங்குலத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. ஒரே வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. இலை நீண்டு நின்றால் மண்ணுக்கு நிழல். மண் குளிர்ந்தால் இந்தப் பூச்சிக்கு ஆகாது. வெட்டிய புல்லை அள்ளாமல் தரையிலேயே விடச் சொல்லுங்கள். அதில் உள்ள தழைச்சத்து திரும்ப மண்ணுக்குத்தான் போகும்.

சோழமண்டலம் | டாம்பா, ஃப்ளோரிடா

டாம்பாவிலிருந்து ஒரு குறிப்பு. பைஃபெந்திரின் உங்கள் ஊரில் கேட்கலாம். எங்கள் மாநிலத்தில் பல இடங்களில் கேட்பதில்லை. வருடா வருடம் ஒரே மருந்தை அடித்து அடித்து, தாங்கும் பூச்சிகள் மட்டும் மிஞ்சி இனம் பெருக்கிவிட்டன. இரண்டாம் முறை போட நேர்ந்தால் வேறு வகை வேதிப்பொருளுக்கு மாறுங்கள்.

புல்லிலும் இதே கதைதான் நடந்தது. 1973இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஃப்ளோராடாம் என்ற செயின்ட் அகஸ்டின் ரகத்தை வெளியிட்டன. சிஞ்ச் பூச்சி இதை அண்டாது என்பதுதான் அதன் பெருமையே. எங்கள் ஊர் முழுக்க அதையே விரித்தார்கள். மாநிலமே ஒரே புல்லானதும் அதைத் தின்னக்கூடிய பூச்சி உருவாகிவிட்டது. இன்றைக்கு ஃப்ளோராடாமையும் சிஞ்ச் தின்கிறது. ஒரே ரகத்தையும் ஒரே மருந்தையும் நம்பினால் இதுதான் நடக்கும்.

உரம் பற்றி அக்கா சொன்னதை இங்கே சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். டாம்பா நகரில் ஜூன் முதல் செப்டம்பர் முடிய தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) புல்லுக்குப் போடத் தடை. பக்கத்து பினெல்லாஸ் கவுண்டியில் அந்த நான்கு மாதங்களும் தழைச்சத்து உரத்தைக் கடையில் விற்கவே கூடாது. கோடை மழை அத்தனையையும் விரிகுடாவுக்கு அடித்துக்கொண்டு போய்ப் பாசி பூக்க வைத்துவிடுகிறது என்பதுதான் காரணம்.

பிள்ளையார்சுழி | சான் அன்டோனியோ, டெக்சாஸ்

யாரும் ஏன் பெர்முடாவைச் சொல்லவில்லை? பெர்முடா என்றால் நம் அருகம்புல்தான், அதே செடி. சதுர்த்திக்கு மாலை கட்ட நான் கடைக்குப் போவதில்லை, பின்வாசலுக்குத்தான் போகிறேன். மேலே கொடியாகவும் கீழே கிழங்கு வேராகவும் இரண்டு வழியிலும் ஓடும். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று சும்மாவா வாழ்த்தினார்கள்? தண்ணீர் இல்லாவிட்டால் பழுத்துத் தூங்கும், ஒரு மழை பெய்தால் எழுந்துகொள்ளும். 2021 பிப்ரவரி உறைபனியில் எங்கள் தெருவில் செயின்ட் அகஸ்டின் போட்டிருந்த பல வீடுகள் புதிதாகப் புல் வாங்கின. என் அருகு ஏப்ரலில் தானே வந்துவிட்டது. சிஞ்ச் பூச்சித் தொல்லையும் எனக்கு இதுவரை வந்ததில்லை.

தோட்டக்காரி

அருகு அருமையான புல், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். எட்டு மணி நேரமாவது. வைகைக்கரை தம்பியின் ஓக் மரத்தடியில் அது நூலாக இளைத்துப் போய்விடும். செயின்ட் அகஸ்டின் நாலைந்து மணி நேர வெயிலிலும் பிழைத்துக்கொள்ளும். வழக்கமான தென்பகுதிப் புல்களில் நிழலை நன்றாகத் தாங்குவது அதுதான். இன்னொன்று: அருகைக் குட்டையாக, ஒன்றரை அங்குலத்துக்குள் வெட்ட வேண்டும். கோடையில் வாரம் ஒருமுறைக்குமேல்கூட வெட்ட நேரும். பூச்செடிப் பாத்திக்குள் புகுந்துவிட்டால் பிடுங்கி மாளாது. முழு வெயில், பந்தாடும் பிள்ளைகள், மரம் இல்லாத முற்றம் என்றால் அருகைப் போடுங்கள் என்று நானே சொல்வேன்.

நெய்தல் | பேர்லேண்ட், டெக்சாஸ்

நடுவில் ஒரு கேள்வி. என் புல்லில் சிஞ்ச் இல்லை, கோரை. வெட்டிய இரண்டாம் நாளே புல்லுக்கு மேலே தலை நீட்டுகிறது. பிடுங்கப் பிடுங்க அதிகமாகிறது.

கரிசல்காட்டான்

அதிகமாகத்தான் செய்யும். நம் வயலில் உழவர்களை அழவைக்கும் அதே கோரைதான் இங்கேயும். கீழே கிழங்குகள் சங்கிலியாக இருக்கும். மேலே பிடுங்கினால் சங்கிலி அறுந்து, தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் எல்லாம் முளைக்கும். முதலில் தண்ணீரைக் குறையுங்கள்; கோரை கூட்டமாக நிற்கும் இடத்தில் குழாய்க் கசிவோ வடிகால் குறையோ இருக்கும். பிறகு ஹாலோசல்ஃப்யூரான் என்ற மருந்து. செயின்ட் அகஸ்டினை ஒன்றும் செய்யாது. மெதுவாகத்தான் வேலை செய்யும், சில வாரம் கழித்து இன்னொரு முறை அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் புல் வெட்டாதீர்கள். மருந்தை வாங்க இலை வேண்டுமல்லவா?

வைகைக்கரை

மருந்து தூவியாகிவிட்டது. சாய்ந்த தலையை நிமிர்த்திவிட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு விட்டு விட்டு ஓடும்படி கண்ட்ரோலரை மாற்றியிருக்கிறேன். சங்கத்துக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று யாராவது சொல்ல முடியுமா? தபால்பெட்டியில் சாதாரணக் கடிதமாகத்தான் வந்தது.

பொடுதலை

இதில் நான் உதவ முடியும். எங்கள் தெருச் சங்கத்தோடு மல்லுக்கட்டியபோது டெக்சாஸ் சொத்துச் சட்டத்தைப் படிக்க வேண்டியிருந்தது. அபராதம் விதிக்கும் முன் சங்கம் அத்தாட்சியோடு கூடிய தபாலில் முறையான அறிவிப்பு அனுப்ப வேண்டும். குறையைச் சரிசெய்ய நியாயமான அவகாசம் தர வேண்டும். முப்பது நாளுக்குள் நீங்கள் கேட்டால் நிர்வாகக் குழு முன் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். உங்களுக்கு வந்தது வெறும் நினைவூட்டல் போலத் தெரிகிறது. ஆனாலும் சும்மா இருக்காதீர்கள். பூச்சியின் படம், மருந்து வாங்கிய ரசீது, எப்போது புதுப் புல் வைப்பீர்கள் என்ற தேதி மூன்றையும் இணைத்து அரைப் பக்கம் எழுதுங்கள். கோபம் காட்டாமல் எழுதினால் பெரும்பாலும் அவகாசம் கொடுத்துவிடுவார்கள்.

கூடவே இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2013இல் டெக்சாஸில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. வறட்சி தாங்கும் செடியமைப்பையும் தண்ணீர் சேமிக்கும் புல்லையும் சங்கங்கள் தடைசெய்ய முடியாது. திட்டத்தைக் காட்டி முன் அனுமதி வாங்கச் சொல்லலாம். காரணமில்லாமல் மறுக்க முடியாது.

நான் முன்புறத்தில் வெயில் அறையும் பட்டையில் பொடுதலை போட்டிருக்கிறேன், என் பெயரே அதனால்தான். ஊரில் வாய்க்கால் கரையில் பாட்டி பறித்துத் துவையல் அரைப்பாளே, அதே பொடுதலை. இங்கே ஃப்ராக்ஃப்ரூட் என்று சொந்த மண்ணின் செடியாகவே விற்கிறார்கள். தரையோடு படர்கிறது. கடுகளவு வெள்ளைப் பூக்கள் கோடை முழுக்க நிற்கின்றன. அதன் இலையில் முட்டையிட வரும் சிறு பழுப்பு வண்ணத்துப்பூச்சிகளைக் காலையில் காப்பியோடு நின்று பார்ப்பேன். வேர் பிடித்த பிறகு தண்ணீர் மிகக் குறைவு. வருடத்துக்குச் சில முறை வெட்டினால் போதும். உறைபனியில் காய்ந்து வசந்தத்தில் திரும்பி வரும். கேட்டியில் மழை வெள்ளம் நின்றாலும் தாங்கும். வைகைக்கரை, அந்த டிரைவ்வே ஓரப் பட்டைக்கு மட்டும் யோசித்துப் பாருங்கள். மரத்தடியில் உங்கள் புல் இருந்துவிட்டுப் போகட்டும்.

தோட்டக்காரி

பொடுதலை சொல்வதை ஆமோதிக்கிறேன். முழுத் தரையையும் எடுக்க வேண்டியதில்லை. இந்தச் சூட்டில் எதுவும் பிடிக்காத மூன்றடிப் பட்டைக்கு அது நல்ல தீர்வு.

வைகைக்கரை

செப்டம்பர் நிலவரம். சங்கம் அக்டோபர் முடிய அவகாசம் கொடுத்திருக்கிறது. இரண்டாம் டப்பாச் சோதனையில் இரண்டு மூன்று பூச்சிகள்தான் மிதந்தன, ஒரு பெருங்கண் பூச்சியும் வந்தது! பட்டை அகலமாவது நின்றுவிட்டது. பச்சை ஓரத்திலிருந்து கொடிகள் காய்ந்த இடத்துக்குள் விரல் நீட்டத் தொடங்கியிருக்கின்றன. ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வேர் இறங்குவது தெரிகிறது. வாரம் இரண்டு நாள் பாய்ச்சுவதில் தண்ணீர்க் கட்டணமும் இறங்கிவிட்டது.

டிரைவ்வேயை ஒட்டி மூன்றடிக்குப் பொடுதலை வைக்கலாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். திட்டத்தைச் சங்கத்துக்கு அனுப்பியாயிற்று. அதற்கு உள்ளே இருக்கும் பகுதிக்குப் புல் பாய் வாங்கி விரிக்கலாமா, கொடி தானாக ஓடி வரட்டும் என்று விடலாமா? இப்போதாவது உரம் போடலாமா?

தோட்டக்காரி

பாய் முழுவதும் வாங்க வேண்டாம். ஒன்றிரண்டு பாயை வாங்கிக் கையகலத் துண்டுகளாக வெட்டி, ஓரடிக்கு ஒன்றாக நடுங்கள். செத்த புல்லை முதலில் வாரி எடுத்துவிட்டு மண்ணைக் கொத்திவிடுங்கள். துண்டின் வேர் களிமண்ணைத் தொட வேண்டும், காய்ந்த சருகின் மேல் உட்காரக் கூடாது. நட்ட முதல் பத்து நாளுக்கு மட்டும் தினமும் சிறிது தண்ணீர். பிறகு வாரம் இரண்டு முறை என்ற வழக்கத்துக்குத் திரும்பிவிடுங்கள். ஹூஸ்டனில் உறைபனி பொதுவாக டிசம்பருக்கு முன் வராது, வேர் பிடிக்க நேரம் இருக்கிறது.

உரத்துக்கு முன் மண் பரிசோதனை. காலேஜ் ஸ்டேஷனில் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் மண் ஆய்வகம் இருக்கிறது. முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் மண் எடுத்துக் கலந்து ஒரு கிண்ணம் அளவு தபாலில் அனுப்பினால் முடிவு வரும். நம் பகுதி வீடுகளின் மண்ணில் மணிச்சத்து பெரும்பாலும் தேவைக்கு மேலேயே கிடக்கிறது. மூன்று எண் போட்ட உரப் பையில் மணிச்சத்தைக் குறிக்கும் நடு எண் பூஜ்யமாக இருப்பதை வாங்கச் சொல்லித்தான் பலருக்கும் முடிவு வருகிறது. எவ்வளவு என்பதை அந்தத் தாள் சொல்லட்டும். இந்த இலையுதிர் காலத்தில் தழைச்சத்தை அள்ளிப் போட்டால் பழுப்புத் திட்டுப் பூஞ்சையை அழைக்கிற மாதிரி ஆகும். வசந்தத்தில் முதல் பச்சை தெரிந்ததும் ஓடாதீர்கள். களையை அல்ல, புல்லையே இரண்டு முறை வெட்டிய பிறகு, ஏப்ரல் மத்தியில் போடுங்கள்.

கரிசல்காட்டான்

வசந்தத்தில் மண்ணைத் துளையிட்டுக் காற்றோட்டம் விட்டு, கால் அங்குலம் மக்கிய உரம் பரப்புங்கள் தம்பி. புது வீடுகளில் கட்டுமான வண்டிகள் ஏறி இறங்கிய மண் கல்லாக இறுகிக் கிடக்கும். அதன்மேலேயே பாயை விரித்துவிட்டுப் போயிருப்பார்கள். வீட்டுச் சுவரை ஒட்டிய மண் வெடிக்க விடாதீர்கள். களிமண் சுருங்கினால் அஸ்திவாரம் அசையும். அங்கே மட்டும் கசிவுக் குழாய் ஒன்று போட்டுவையுங்கள்.

வைகைக்கரை

மண் எடுத்து அனுப்புகிறேன். அக்டோபரில் அந்தப் பழுப்புத் திட்டு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது அக்கா?

தோட்டக்காரி

தட்டு அளவில் தொடங்கி வட்டமாகப் பெரிதாகும், ஓரம் மஞ்சளாக இருக்கும். அந்த ஓரத்தில் ஓர் இலையை மட்டும் பிடித்து மெதுவாக இழுங்கள். கொடி அசையாமல் இலை மட்டும் உருவிக்கொண்டு வந்து, அடி பழுப்பாக அழுகியிருந்தால் அதுதான். அப்போது தண்ணீரை இன்னும் குறைத்துவிட்டுப் படத்தோடு இங்கே எழுதுங்கள். அசோக்சிஸ்ட்ரோபின் என்ற பூஞ்சைமருந்து தேவைப்படுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.